சேய்க்குரிய சான்று

நோய்க்கு மக்கள் இடும் பெயர் பல வேளைகளில் நோயை விளக்குவதன்று. பழியை யார் ஏற்பது எனத் தீர்ப்பதாகும். சிபிலிசு என இன்று வழங்கும் நோய் 15ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஐரோப்பாவிற் பரவியபோது, இத்தாலியர் அதனைப் பிரெஞ்சு நோய் என்றனர். பிரெஞ்சுக்காரர் நேப்பிள்சு நோய் என்றனர். இந்தியாவில் 16ஆம் நூற்றாண்டில் எழுந்த பாவப்பிரகாசம் என்னும் ஆயுர்வேத நூல் அதனைப் 'பிரங்க ரோகம்', அதாவது பறங்கியர் நோய், எனக் குறித்தது. தமிழ் வைத்தியர் அந்நோய்க்குக் கொடுத்த கிழங்கும் பறங்கிச்சக்கை எனவே பெயர் பெற்றது. இவ்வளவும் அந்நியன்மீது சுமத்தப்பட்ட பழி. ஆனால் தமிழ்ப் பேச்சுவழக்கில் பாலியல் நோய்க்கு நிலைத்துவிட்ட பெயர் 'பொம்பளைச் சீக்கு' என்பதாகும். அந்நியன் கப்பலேறிப் போய்விட்டான். பழியைச் சுமக்க வீட்டிலுள்ள பெண் எஞ்சினாள்.

மருத்துவ விஞ்ஞானம் இத்தகைய பெயரீட்டினைக் கைவிட்டு நெடுங்காலமாகிறது. எனினும், பிறந்த குழந்தையிடம் இந்நோயைத் தேடும்போது அவ்விஞ்ஞானமும் ஒரு வகையிற் பழைய வழக்கிற்கே திரும்பிவிடுகிறது என்பதே இங்கு முன்வைக்கப்படும் குற்றச்சாட்டு. குழந்தைக்கு நோய் உண்டா என்னும் வினாவிற்கு விடை காணக் குழந்தையை அது வினவுவதில்லை, தாயையே வினவுகிறது. அவளுக்கு எப்போது நோய் கண்டது, எத்தனை ஊசி போடப்பட்டது, கணவன் சிகிச்சைக்கு வந்தானா என்பனவெல்லாம் ஆராயப்பட்டு, அவ்விசாரணையின் முடிவு குழந்தையின் பெயரில் எழுதப்படுகிறது.

இதன் காரணம் எவருடைய தீய எண்ணமுமன்று. சிபிலிசுக்குக் காரணமான திரெப்போனிமா பலிடம் என்னும் சுருளிப் பற்றீரியாவை 1905இல் பேர்லினில் சௌடின், ஹொப்மன் ஆகிய இருவரும் கண்டறிந்தனர். அடுத்த ஆண்டில் வாசர்மன் குருதிப் பரிசோதனையை வகுத்தார். அன்று தொட்டு வீ.டீ.ஆர்.எல். முதலாக வழக்கில் வந்த குருதிப் பரிசோதனைகள் கிருமியைத் தேடுவனவல்ல. நோயின் விளைவாக உடல் ஆக்கிய பிறபொருளெதிரிகளைத் தேடுவன. அக்கிருமியை உடலுக்கு வெளியே வளர்ப்பது அத்துணை அரிதாக இருந்தமையே இதற்குக் காரணம். ஏனைய பற்றீரியாக்களை ஆய்வுகூடத் தட்டில் ஓரிரு நாளில் வளர்த்துக் காட்டலாம். இதனையோ முயலின் விதையிற் புகுத்தி வாரக்கணக்கிற் காத்திருந்தே காணவேண்டியிருந்தது. கலவளர்ப்பில் இதனைத் தொடர்ச்சியாகப் பேணும் முறை 2018இலேயே வெளியாயிற்று. அதுவும் ஆராய்ச்சியாளனுக்கு உதவுவதேயன்றிப் பிரசவ விடுதிக்கு உதவுவதன்று.

வளர்ந்தவரிடம் பிறபொருளெதிரி போதிய சான்றாகலாம். கருவிலுள்ள சேயின் நிலை வேறு. தாய் அதற்கு உணவையும் ஒட்சிசனையும் மட்டும் ஊட்டுவதில்லை, ஐ.ஜி.ஜி. என்னும் வகைப் பிறபொருளெதிரிகளையும் சூல்வித்தகத்தினூடாக ஊட்டுகிறாள். பிறந்து சில மாதம் வரை குழந்தையைப் பல நோய்களிலிருந்து காப்பது இந்தச் சீதனமே. ஆயின் தாய் பல ஆண்டுகளுக்கு முன் நோயுற்று, பெனிசிலின் பெற்று, முற்றாகக் குணமடைந்தவளாயினும் அவளது உடலின் நினைவு சேயின் குருதியில் ஓடவே செய்யும். குழந்தையின் குருதித் துளி 'ஆம்' என்கிறது. யாருக்கு ஆம் என்பதை அத்துளி சொல்வதில்லை. குழந்தையின் அளவு தாயின் அளவைவிட நான்கு மடங்காயின் குழந்தைக்கே நோய் எனக் கொள்ளலாம் என்பது விதி. தொற்றுற்ற குழந்தைகள் பலரிடம் இந்நிபந்தனை நிறைவேறுவதில்லை. தாயிடமிருந்து கடக்காத ஐ.ஜி.எம். வகையைத் தேடலாம் என்பர். அதுவும் தனித்து நம்பத்தக்கதாக அமையவில்லை. எஞ்சியது காத்திருத்தலே. தாய்வழி வந்த எதிர்வினை வீ.டீ.ஆர்.எல். பரிசோதனையில் ஆறு மாதமளவில் மறையும். திரெப்போனிமாவுக்கே உரிய பரிசோதனைகளில் அது மறையக் குழந்தைக்கு ஒன்றரை வயதாகும். ஒன்றரை ஆண்டு ஐயம் என்பது மருத்துவ நூலில் ஒரு வரி. நாட்கூலியில் வாழும் குடும்பத்திலோ ஒவ்வொரு கிளினிக் நாளும் ஒரு நாட்சம்பளம். தோட்டத்திலாயின் அன்று 'பேர்' விழாது.

இதற்கு மறுதலையான தவறும் உண்டு. கருவுற்ற தொடக்கத்திற் செய்த பரிசோதனை சுத்தமென வந்தபின், பேறுகாலத்தை அண்டித் தாய்க்குத் தொற்று ஏற்படுமாயின், பிறப்பின்போது தாயிடமோ சேயிடமோ பிறபொருளெதிரி இன்னும் தோன்றியிராது. கிருமி இருக்கும், சான்று இராது. பிறபொருளெதிரி அளவிறந்து மிகுந்திருப்பினும் வீ.டீ.ஆர்.எல். பரிசோதனை பொய்யாகச் 'சுத்தம்' எனக் காட்டக்கூடும் என்பதும் அறியப்பட்டதே. தொற்றுற்ற குழந்தைகளுட் பெரும்பாலோர் பிறக்கும்போது எவ்வித அறிகுறியுமின்றி நலமாகவே காணப்படுவர். மூக்கொழுக்கு, தோற்புண், எலும்பு நோவு என்பன வாரங்கள் கழித்து வரும். ஹச்சின்சன் என்னும் ஆங்கில மருத்துவர் 19ஆம் நூற்றாண்டில் விவரித்த பல்லின் சிதைவும் கண்மணி மங்கலும் செவிடும் வர ஆண்டுகள் செல்லும். அவை வந்தபின் மருந்தினால் மீளாதவையே மிகுதி.

பிறபொருளெதிரியின் ஊமைத்தன்மையை இலங்கை வேறொரு வழியாலும் அறிந்திருந்தது. வரண்ட வலயக் கிராமங்களை அலைத்த, 'பறங்கி' என இந்நாட்டில் வழங்கிய புண்ணோயின் சுருளிக் கிருமியை, பேர்லினிற் சிபிலிசுக் கிருமி காணப்பட்ட அதே 1905இல், கொழும்பிற் பணியாற்றிய அல்டோ கஸ்டெல்லானி கண்டறிந்தார். பறங்கி பாலியல் நோயன்று. சிறுவரிடையே தோலோடு தோல் பட்டுப் பரவுவது. ஆயினும் இருவகைக் கிருமிகளும் ஒரே இனத்தைச் சேர்ந்த நெருங்கிய உறவின. வீ.டீ.ஆர்.எல். பரிசோதனைக்கும் சரி, அதனை உறுதிசெய்யும் பரிசோதனைகளுக்கும் சரி, இரண்டும் ஒன்றே. சிறுவயதிற் காலிற் புண்கண்ட ஒருத்தியின் குருதியும், கணவனிடமிருந்து சிபிலிசு பெற்ற ஒருத்தியின் குருதியும் ஆய்வுகூடத்தில் ஒரே விடையைத் தந்திருக்கும். இவ்விரண்டையும் வேறுபடுத்தக்கூடியது பரம்பரை அலகின் எழுத்தொழுங்கு ஒன்றுதான்.

1998இல் திரெப்போனிமா பலிடத்தின் முழு மரபுத்தொகுதியும், சுமார் 11 இலட்சத்து 38 ஆயிரம் மூலச் சோடிகள், வாசிக்கப்பட்டது. அதற்கு முன்னரே, 1983இற் கரி மலிஸ் எண்ணிய பொலிமரேசுச் சங்கிலித் தாக்கம் இந்நோயின்பாற் திரும்பியிருந்தது. 1991இல் டெக்சாஸ் மாநிலத்து டலஸ் நகர ஆய்வாளர் பனிக்குட நீரிலும் புதிதாய்ப் பிறந்த குழந்தைகளின் குருதியிலும் மூளைமுண்ணாண் பாய்பொருளிலும் இக்கிருமியின் டீ.என்.ஏ.யைத் தேடி, முயற் பரிசோதனையோடு ஒப்பிட்டுக் காட்டினர். இம்முறையின் சாரம் எளிது. கிருமிக்கே உரிய ஒரு சிறு துண்டு, வழக்கமாக டீ.என்.ஏ. பொலிமரேசு நொதியத்துக்குரிய அலகின் ஒரு பகுதியோ 47 கிலோடால்டன் மென்சவ்வுப் புரதத்துக்குரிய அலகின் ஒரு பகுதியோ, தெரிந்தெடுக்கப்படுகிறது. அத்துண்டு மாதிரியில் இருப்பின் வெப்பச் சுழற்சிதோறும் இரட்டித்து இரட்டித்துக் கோடிக்கணக்கிற் பெருகும், இல்லையெனிற் பெருகாது. தாயின் பிறபொருளெதிரி எத்துணை இருப்பினும் அது இங்கு வாய்திறக்க இயலாது. குழந்தையின் மூக்கொழுக்கிற் கிருமியின் டீ.என்.ஏ. உண்டெனில் அது குழந்தையின் நோய். தாயின் ஒழுக்கம், கணவனின் ஒழுக்கம், ஊசிக் கணக்கு எதுவும் அவ்விடைக்குத் தேவையில்லை.

இம்முறையைப் போற்றுவோர் பலர் இவ்விடத்திற் பேச்சை நிறுத்திக்கொள்வர். அது நேர்மையன்று. இச்சான்று 'ஆம்' என்னும்போது உறுதியாகப் பேசும். 'இல்லை' என்னும்போது அதன் சொல்லை நம்பிக் குழந்தையை வீட்டுக்கு அனுப்ப முடியாது. மூக்கொழுக்கு, தோற்புண், சூல்வித்தகம் ஆகியவற்றில் கிருமி மிகுதி. அங்கு இப்பரிசோதனை கூர்மையானது. குருதியிலும் மூளைமுண்ணாண் பாய்பொருளிலும் கிருமி அரிது; எடுத்த துளியில் அது அகப்படாமற் போகலாம். ஆகவே தாய் சிகிச்சை பெறாதவளாயின், மூலக்கூற்று விடை எதுவாயினும் குழந்தைக்குப் பெனிசிலின் கொடுக்கப்படல் வேண்டும். விடை வரும்வரை ஊசியைத் தாமதிப்பதும் தகாது. இவ்வரம்பை ஒப்புக்கொண்ட பின்னரும் வழக்கு வலுவிழப்பதில்லை. இன்று குழந்தைக்கென ஒரு சான்றும் இல்லாத மன்றத்தில், சில வேளைகளில் மட்டுமேனும் பேசக்கூடிய ஒரு சான்றை நிறுத்துவதே கேட்கப்படுவது.

இக்கோரிக்கைக்கு எதிராக எழும் முதல் வாதம் பெருமித வாதமாகும். 2019 டிசெம்பரில் உலக சுகாதாரத் தாபனம், தாயிடமிருந்து சேய்க்கு எச்.ஐ.வி.யும் சிபிலிசும் கடத்தப்படுவதை இலங்கை ஒழித்துவிட்டதாகச் சான்றளித்தது. 2015இற் கியூபா முதன்முதலாகப் பெற்ற அச்சான்றை, 2016இற் தாய்லாந்தும் 2018இல் மலேசியாவும் பெற்றபின், இந்நாடு பெற்றது. அது வெறும் பட்டமன்று. வீடுதோறும் சென்று கருவுற்றவரைப் பதிவுசெய்யும் குடும்பநல மருத்துவமாதின் கால்நடையினாலும், அரைநூற்றாண்டுக்கு மேலாகக் கருவுற்ற தாய்மாரின் குருதியைச் சிபிலிசுக்காகச் சோதித்துவந்த வழமையினாலும், கட்டணமில்லா வைத்தியத்தினாலும் ஈட்டப்பட்டது. செல்வ நாடுகள் பல இன்னும் எட்டாத நிலை இது. ஆனால் 'ஒழிந்த நோய்க்கு ஏன் புதிய பரிசோதனை?' என்று அச்சான்றைக் காட்டிக் கேட்பவர் அச்சான்றை வாசித்திலர். ஒழிப்பு என அங்குக் குறிப்பிடப்படுவது நோயின்மையன்று. இலட்சம் உயிர்ப்பிறப்புகளில் 50க்கு மேற்படாத பிறவிச் சிபிலிசு என்னும் எல்லை. தாய்மாருள் நூற்றுக்கு 95 பேருக்குக் குறையாதோர் பரிசோதிக்கப்படவும், நோய் கண்டவருள் அத்தகைய பங்கினர் சிகிச்சை பெறவும் வேண்டும் என்பன உடன்வரும் நிபந்தனைகள். எஞ்சிய ஐவரைப் பற்றிச் சான்று எதுவும் பேசவில்லை.

இன்னொரு நுணுக்கமும் உண்டு. அக்கணக்கில் ஒரு குழந்தை 'பிறவிச் சிபிலிசு' எனச் சேர்க்கப்படுவது பெரும்பாலும் குழந்தையின் நோயை நோக்கியன்று. பேற்றுக்கு 30 நாட்களுக்கேனும் முன்னர் உரிய பெனிசிலின் பெறாத தாய்க்குப் பிறந்தமையே அதனைக் கணக்கிற் சேர்க்கப் போதுமானது. நிகழ்ச்சித்திட்டமொன்றின் வெற்றியை அளக்க இவ்வரைவிலக்கணம் தகுந்ததே. எவரையும் தப்பவிடாத பரந்த வலை அது. ஆயினும் குழந்தையின் பெயரில் எழுதப்பட்ட நோய் தாயின் சிகிச்சைக் குறிப்பிலிருந்து பெயர்த்தெழுதப்பட்டது என்பதை மறத்தலாகாது. நாட்டின் கணக்குக்குப் போதுமான விடை ஒரு குழந்தையின் வாழ்வுக்குப் போதுமானதன்று.

ஒழித்துவிட்டோம் என்ற எண்ணம் எங்குக் கொண்டுசெல்லும் என்பதை ஐக்கிய அமெரிக்கா காட்டியுள்ளது. 1999இல் அந்நாடு சிபிலிசை ஒழிக்கத் தேசியத் திட்டமொன்றை வகுத்தது. அதையடுத்து நோய் மிகத் தாழ்ந்த நிலைக்கும் வந்தது. பின்னர் பொதுச் சுகாதாரச் செலவுகள் சுருங்கின. 2012இல் அங்கு 335 ஆக இருந்த பிறவிச் சிபிலிசு 2022இல் 3,761 ஆயிற்று. அவ்வாண்டில் இறந்துபிறந்தனவும் குழந்தையாய் இறந்தனவும் 282. உலகின் மிகச் சிறந்த மூலக்கூற்று ஆய்வுகூடங்களைக் கொண்ட நாடு அது. அருமையான நோயாகிவிட்டதை வைத்தியர் நினைப்பதில்லை. நினையாத நோயைக் கண் காண்பதுமில்லை. இங்கும் பத்தாண்டு காலத்தில் ஒரு பிறவிச் சிபிலிசுக் குழந்தையைக்கூடக் காணாத இளம் வைத்தியர் தலைமுறையொன்று உருவாகுமாயின், அது வெற்றியின் விளைவு, ஆபத்தும் அதுவே.

இரண்டாம் வாதம் இதனினும் வலியது. 'ஐயமெனிற் பெனிசிலின் கொடுத்துவிடலாம், மருந்து மலிவு, தீங்கு குறைவு, பரிசோதனை எதற்கு?' என்பது அது. வைத்தியர் பலர் இவ்வாறே கருதுவர். சிகிச்சையைப் பொறுத்த அளவில் அவர்கள் கூற்றுப் பிழையன்று. தொற்று உறுதியெனவோ பெரிதும் ஐயத்திற்குரியதெனவோ கொள்ளப்படும் குழந்தைக்குப் பத்து நாட் பெனிசிலின் ஊசி. ஐயம் குறைந்தவிடத்து ஒரே ஊசி. ஆனாற் பத்து நாள் என்பது குழந்தையின் நாளத்திற் பத்து நாள் ஊசிக்குழாய். தாய்க்கு விடுதியிற் பத்து நாள். ஊரார் கேட்பர். மாமியார் கேட்பார். அடுத்த கட்டிலிலுள்ளவளும் கேட்பாள். நோய் உறுதியான குழந்தைக்கு அப்பத்து நாளும் உயிர்காப்பு. உறுதியாகாத குழந்தையின் தாயோ, ஏதென்று சொல்லமுடியாத ஒரு நோய்க்காக ஏதென்று சொல்லமுடியாத ஒரு குற்றத்தை ஒப்புக்கொண்டவளாகிறாள். சிகிச்சையை ஐயத்தின்பேரிற் கொடுக்கலாம். நோய்ப்பெயரை ஐயத்தின்பேரிற் கொடுத்தலாகாது. மேலும் பெனிசிலின் என்றும் கையிலிருக்கும் என்ற உறுதியும் குலைந்துவிட்டது. பென்சதீன் பெனிசிலின் தட்டுப்பாட்டை உலக நாடுகள் பல அண்மைக் காலத்திற் கண்டன. 2022இன் பொருளாதார நெருக்கடியில் இலங்கை வைத்தியசாலைகள் அடிப்படை மருந்துகளுக்கே தவித்தன.

பேராதனையிலிருந்து கம்பளை நோக்கிச் செல்லும் புகையிரதம் சிறிது தூரத்தில் கெலிஓயாவை அடையும். சிங்களவரும் முஸ்லிம்களும் தமிழரும் கலந்து வாழும் கடைத்தெரு, அருகே மகாவலி, அப்பாற் தோட்டங்கள். இவ்வூர்த் தாயொருத்தி கருவுற்றவுடன் மருத்துவமாது அவள் வீட்டுக்கு வருகிறாள். கர்ப்பவதிப் பதிவட்டை எழுதப்படுகிறது. கிளினிக்கிற் குருதி எடுக்கப்படுகிறது. வீ.டீ.ஆர்.எல். ஐயத்துக்குரியதாயின் அவள் கண்டியிலுள்ள பாலியல் நோய்ச் சிகிச்சை நிலையத்துக்கு அனுப்பப்படுவாள். இதுவரை அமைப்பு முறையாகவே இயங்குகிறது. தமிழ் மட்டும் அறிந்தவளுக்கு அங்கு என்ன சொல்லப்படுகிறது, எம்மொழியிற் சொல்லப்படுகிறது என்பது வேறு வினா. மலையகத்திற் தமிழறிந்த சுகாதார ஊழியர் பற்றாக்குறை பன்முறை பேசப்பட்டும் தீராதது. 'மேகநோய்' என்று மொழிபெயர்த்துச் சொல்லப்படுவது அவள் செவியிற் 'பொம்பளைச் சீக்கு' என்றே விழும். கணவனுக்குச் சொல்லத் துணியமாட்டாள், கணவன் வரமாட்டான், சிகிச்சை பெற்றவள் மீண்டும் தொற்றுப் பெறுவாள். இவ்வாறு ஒருத்தி பிரசவத்துக்குக் கம்பளைக்கோ பேராதனைக்கோ கண்டிக்கோ வந்தால், அவள் குழந்தையைப் பற்றிய வினாவுக்கு விடை எங்கிருந்து வரும்? பல்கலைக்கழக மருத்துவ பீடம் 1962 முதல் இயங்கும் பிரதேசம் இது. சிறுவர்க்கென விசேட வைத்தியசாலையும் பேராதனையிலேயே உண்டு. ஆனாற் திரெப்போனிமாவின் டீ.என்.ஏ.யைத் தேடும் பரிசோதனை உலகின் பெரும்பாலான நாடுகளிற் போலவே இங்கும் பிரசவ விடுதியின் வழமைகளுள் ஒன்றன்று.

செலவு என்னும் மூன்றாம் வாதம் நெடிய மறுப்புக்குரியதன்று. 2020, 2021 ஆகிய ஆண்டுகளின் பெருந்தொற்றுக் காலத்தில் இந்நாட்டின் அரச வைத்தியசாலைகளும் பல்கலைக்கழக ஆய்வுகூடங்களும் அதே சங்கிலித் தாக்கத்தை நாள்தோறும் நிகழ்த்தின. பி.சி.ஆர். என்னும் சொல்லை அறியாத கடைக்காரரும் அன்று இலரானார். கருவியும் கைப்பழக்கமும் அப்போது ஈட்டப்பட்டவை. ஐயத்திற்குரிய குழந்தைகள் ஒரு மாகாணத்தில் ஆண்டுக்கு மிகச் சிலரே இருக்கக்கூடுமாதலால், ஓரிரு ஆய்வுகூடங்களே நாட்டுக்குப் போதும்.

கருவியைக் கண்டு மயங்குவோருக்கும் ஒரு வார்த்தை உரியது. புதிய பொறி ஒன்று வாங்கப்பட்டு, அதன் திறப்புவிழாப் புகைப்படம் பத்திரிகையில் வெளிவந்து, மருத்துவமாதின் வெற்றிடம் நிரப்பப்படாமற் கிடக்குமாயின் அது முன்னேற்றமன்று. கருவுற்ற பன்னிரு வாரத்துக்குள் எடுக்கப்படும் குருதியும் உரிய காலத்துப் பெனிசிலினும் தடுக்கும் நோயை, பிறந்தபின் எந்த மூலக்கூறும் அவ்வளவு சிறப்பாகத் தடுக்கமாட்டாது. உலக சுகாதாரத் தாபனத்தின் மதிப்பீட்டின்படி 2016இல் உலகிற் பிறவிச் சிபிலிசு 6,61,000. அவற்றுள் கருவிலேயே அழிந்தனவும் இறந்து பிறந்தனவும் 1,43,000. இவ்வுயிர்களைப் பொறுத்தவரை, பிறந்த பின் செய்யும் பரிசோதனை மிகவும் பிந்தியது.

எனினும் இறந்து பிறந்த குழந்தைக்கும் இச்சான்று உரியது என்பது பலரால் எண்ணப்படாத செய்தி. இறந்த சேயின் குருதியிற் பிறபொருளெதிரியைத் தேடினால் தாயின் கதையே மீண்டும் கிடைக்கும். சூல்வித்தகத்தின் ஒரு துண்டிற் கிருமியின் டீ.என்.ஏ. கிடைத்தால் இறப்பின் காரணம் கிடைக்கும். காரணம் தெரியாதவிடத்து ஊர் அதனை நிரப்பிக்கொள்ளும்: கண்ணூறு, கிரகதோசம், தாய் எதையோ தூக்கினாள், எங்கோ போனாள். காரணம் தெரிந்தால் அடுத்த கருவுக்கு முன் அவளுக்கும் அவனுக்கும் ஊசி போடலாம்.

ஆகவே கேட்கப்படுவது பெரிதன்று. சிபிலிசு கண்ட தாயின் பேற்றில், குழந்தை உயிரோடு பிறப்பினும் இறந்து பிறப்பினும், சூல்வித்தகத்தை அகற்றுமுன் அதிலொரு சிறு துண்டும், மூக்கொழுக்கோ புண்ணோ இருப்பின் அதன் மாதிரியும், குழந்தையின் பெயரில் எடுக்கப்பட்டுக் குளிரில் வைக்கப்பட்டு அனுப்பப்படல் வேண்டும். விடை வருமுன் ஊசி தொடங்கலாம்; வந்த விடை தாயின் அட்டையிலன்றிக் குழந்தையின் அட்டையில் எழுதப்படல் வேண்டும்; அது தமிழிலும் சிங்களத்திலும் அவளுக்கு வாசித்துச் சொல்லப்படல் வேண்டும். கம்பளையிலிருந்து மாதிரி வர ஒரு வாகனமும் ஒரு பனிக்கட்டிப் பெட்டியும் தேவைப்படலாம். பேராதனைப் போதனா வைத்தியசாலையின் பிரசவ விடுதியிலிருந்து மருத்துவ பீடத்துக்குச் செல்ல அவையும் வேண்டியதில்லை, நடந்தே கொண்டுபோகலாம்.